பரு போகும், மரு நிற்கும்

கடைவீதி முக்கில் இருக்கும் அந்த ஸ்டுடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம் தொங்கும். சும்மா ஒரு முகமில்லை அது. கன்ன எலும்பின் மேல் வெளிச்சம் சீவிவிட்ட மாதிரி ஓடும். புருவ முடி ஒவ்வொன்றும் எண்ணி நட்டதுபோல நிற்கும். தோலின் துவாரம்கூடத் தெரியும், ஆனால் ஒரு குறையும் தெரியாது. இது எடுத்ததா, வரைந்ததா என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாக்குவாதம் பண்ணுவார்கள். பண்ணட்டும் என்றுதான் அதை அங்கே மாட்டியிருந்தான் கடைக்காரன்.

கடைக்காரனுக்குப் பளிங்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவன் கைக்குப் போன முகமெல்லாம் பளிங்காகத் திரும்பி வருவதால் ஊர் பார்த்து வைத்தது இது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமை உண்டு. போர்டிலேயே எழுதிவிட்டான்.

படத்தில் இருப்பவள் அவனுடைய அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, முன்னால் போகும் வண்டிக்காரனின் பரம்பரையையே விசாரித்துக்கொண்டு போவாள். தம்பியைப் பார்க்க வரும்போது தன் படத்துக்கு நேர் கீழேயே வேனை நிறுத்துவாள். ஒருவருக்காவது அடையாளம் தெரியவேண்டுமே! ஒருமுறை ஒரு பெரிய மனுஷர் அவளிடமே கேட்டார், "ஏம்மா, இந்தப் பொண்ணு நடிக்குதா?"

"ஆமா சார். ஆனா ரொம்பத் திமிர் புடிச்சது. யார்கிட்டயும் பேசாது" என்றாள் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி வாரம் பூராவும் சிரித்தாள்.

பளிங்கின் வித்தை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, பொறுமைதான். முகத்துக்கு இரண்டு பக்கமும், சற்றுப் பின்னால் தள்ளி, ஒல்லியாக நீளமாக இரண்டு விளக்குப் பெட்டிகளை நிறுத்துவான். கன்னத்துக்கும் தாடைக்கும் ஓரத்தில் வெளிச்சக் கோடு போடுவது அவைதான். தலைக்கு மேலே முன்பக்கமாக, வெள்ளைத் துணி போர்த்திய பெரிய விளக்கு ஒன்று. மடியில், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட ஒரு வெள்ளி நிறத் தகடு. கடைசியாகத் தண்ணீரும் எண்ணெயும் கலந்து முகத்தில் லேசாக ஒரு தெளிப்பு. "என்னடா, என்னைப் பொரிக்கப் போறியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள் அக்கா. ஒவ்வொரு முறையும் அவன் சிரிப்பான்.

பாதி வேலைதான் இது. மீதி கம்ப்யூட்டரில். நிறமும் நிழலும் ஓர் அடுக்கு, தோலின் நுணுக்கம் இன்னோர் அடுக்கு என்று படத்தைப் பிரித்துப் போடுவான். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் இன்னோர் அடுக்கை விரித்து, வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கி, கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, பொழுது சாயும் வரைக்கும் முகத்தைச் செதுக்குவான். எல்லாவற்றுக்கும் அடியில் எடுத்தது எடுத்தபடியே ஒரு படம் கிடக்கும். அதை மட்டும் தொடவே மாட்டான். தப்பு நடந்தால் திரும்பிப்போக ஒரு வழி வேண்டும் என்பான்.

இன்னொரு சட்டமும் அவனுக்கு உண்டு. பரு போகும், மரு நிற்கும். தானாகப் போகிறதை நீயே எடு, நிற்கிறதைக் கேட்டு எடு. கல்யாணப் பெண்ணின் நெற்றிப் பருவைச் சொல்லாமல் எடுத்துவிடலாம், நாலு நாளில் அது எப்படியும் போய்விடும். ஆனால் மச்சம், தழும்பு, அம்மைத் தடம் என்றால் கேட்காமல் கை வைக்கக்கூடாது. வருகிறவர்கள் எல்லாரிடமும் இந்தச் சட்டத்தைச் சொல்லுவான், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்லுவான். ஊரையெல்லாம் கேட்டவன் அக்காவிடம் கேட்கவில்லை. நம்ம அக்காதானே என்று விட்டுவிட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை விட்டதும் வருஷா வருஷம் அவளை உட்காரவைத்துப் புதுப்படம் எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டுவது வழக்கம். அப்படி ஒரு வருஷம், வேன் ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில், எலும்பு மேடிட்ட இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. பரு என்று நினைத்தான். கம்ப்யூட்டரில் குறையை மூடும் கருவிக்குக் கம்பெனிக்காரன் ஹீலிங் பிரஷ் என்று பெயர் வைத்திருக்கிறான். ஆற்றும் பிரஷ். வைத்து ஒரு அழுத்து அழுத்தினான், போயிற்று.

அடுத்த வருஷம் அதே இடத்தில் அது இருந்தது. அவன் சட்டப்படியே பார்த்தாலும், அடுத்த வருஷமும் நிற்கிறது பரு இல்லை. அங்கேயே எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டாமா? இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் வெளிச்சக் கோடு ஓடும் பாதையின் நட்டநடுவில், புதுசாகப் போட்ட ரோட்டில் பள்ளம் மாதிரி ஒன்று கிடக்கிறது என்பதுதான். பிரஷ்ஷின் வட்டத்தைப் பெரிதாக்க ஒரு பட்டன் உண்டு, இடது கை விரல் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். போன வருஷத்து அளவு போதவில்லை. விரல் தானாக இரண்டு தட்டுத் தட்டியது. "சே" என்றான். எடுத்துவிட்டான்.

அந்த வருஷமே அக்கா கேட்டிருந்தாள். "டேய், இங்க ஒண்ணு கறுப்பா வந்திருக்கே, என்னன்னு பாரேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன்க்கா. நீ மோவாயைத் தூக்கு."

அவன் பார்த்துக்கொண்டது இப்படித்தான்.

அதற்கடுத்த வருஷம் மறுபடியும் கேட்டாள். "இது பெருசாகுதோன்னு தோணுதுடா. கண்ணாடி பாத்தா ஒரு மாதிரியா இருக்கு." முடித்த படத்தைத் திரையில் வைத்திருந்தவன், திரையை அவள் பக்கம் திருப்பி, "எங்க இருக்கு? காட்டு பாப்போம்!" என்றான். அவள் குனிந்து தேடினாள். இல்லை. "அட, உன் கடைக்கு வந்தா நோயெல்லாம் கூடப் போயிடும் போல" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஒரு வருஷம் வட்டப் பிரஷ்ஷால் ஆகவில்லை. ஓரம் கோணல்மாணலாக, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமாக இருந்தது. படத்தில் மறுபக்கத்துக் கன்னத்திலிருந்து தோலை எடுத்து இந்தப் பக்கம் ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. "இன்னும் பெருசாயிடுச்சே" என்று எரிச்சலோடு வாய்விட்டே சொன்னான். யாரிடம்? கம்ப்யூட்டரிடம். அட மனுஷா, யாரிடம் சொல்லவேண்டியதை யாரிடம் சொன்னாய்!

கடைசியில் கண்டுபிடித்தது வேனில் ஏறிய ஒரு குட்டிப் பெண். "அக்கா, உங்க கன்னத்துல ரத்தம்." துண்டால் துடைத்தாள். அடுத்த நாளும் வந்தது. அன்று கடைக்கு வந்தபோது கவுண்டரில் உட்கார்ந்திருந்த பளிங்கின் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். "அண்ணி, இது சரியில்ல. கிளம்புங்க" என்றாள். அக்கா ஏதேதோ சாக்குச் சொன்னாள். மனைவி கேட்கிற ஆளில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு மூன்று பேருமாகத் தோல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா விளக்கு வைத்த லென்ஸால் அந்தக் கன்னத்தை வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு நாளா இருக்கு?"

"அது இருக்கும்மா சில வருஷமா."

"வளந்துச்சா?"

"எனக்கென்னமோ வளந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா தம்பி எடுத்த போட்டோல ஒண்ணும் தெரியல. அதான் நமக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்."

மனைவி ஆர்வமாகத் தன் செல்போனை நீட்டினாள். கடை பெயரில் இணையத்தில் போட்டிருந்த வருஷா வருஷத்துப் படங்கள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "போன வருஷம் எடுத்ததுலகூட சுத்தமா ஒண்ணுமே இல்லையே. அப்போ இவ்வளவும் ஒரே வருஷத்துலயா?" படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் திருத்தின படங்களா? திருத்தாதது இருக்கா? எப்படியும் நான் ஒரு துளி வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பத்தான் போறேன். ஆனா எப்படி வளந்துச்சுன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்" என்றார்.

மூன்று பெண்களும் பளிங்கைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க டாக்டர்" என்றான். "இடம் பத்தாதுன்னு எல்லாத்தையும் அழிச்சிருவேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களே, அப்படி ஒரு பொய். மனைவி சட்டென்று திரும்பி அவனைப் பார்த்தாள். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்குள் நுழைந்ததும்தான் கேட்டாள்.

"அலமாரி நிறைய ஹார்டு டிஸ்க்கா வாங்கி அடுக்கியிருக்கீங்களே. அதுல என்ன அரிசியா இருக்கு?"

அவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். முதல் வருஷத்துப் படத்தைத் திறந்தான். அடுக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் கண் மூடும், அடுக்கு மறையும். செதுக்கிய அடுக்கை மூடினான். தோலைத் திருத்திய அடுக்கை மூடினான். அடியில் அக்கா இருந்தாள், துண்டு கட்டிய தடம் நெற்றியில் பதிந்த, வெயிலில் ஒரு பக்கம் மட்டும் கறுத்த அவளுடைய சொந்த முகம். கன்னத்தில் கடுகு மாதிரி ஒரு புள்ளி.

அடுத்த வருஷத்தைத் திறந்தான். அதற்கடுத்ததைத் திறந்தான். ஒவ்வொன்றிலும் அது அங்கேயே உட்கார்ந்து, அவன் எடுக்க எடுக்க வளர்ந்திருந்தது. அந்த டாக்டரம்மாவுக்கு முன்னால் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அக்கா கண்ணாடியில் பார்த்தாள், அவ்வளவே. அவனோ அந்த மச்சத்தையே ஒரு முகத்தளவுக்குப் பெரிதாக்கி வைத்துப் பார்த்திருக்கிறான். வளர்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் வருஷா வருஷம் கூடுதலாகத் தட்டியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவனுக்கு.

பின்னால் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்தையும் பாத்திருக்கீங்க."

"வேலை மும்முரத்துல கவனிக்கல."

"உங்க வேலையே மூஞ்சியைக் கவனிக்கிறதுதானேங்க."

அவமானம் வந்தால் மனுஷன் உடனே திருந்திவிடுவான் என்று யார் சொன்னது? முதலில் கணக்குத்தான் போடுவான். போன வருஷத்துப் படத்தை மட்டும் கொடுத்தால் என்ன என்று பளிங்கு யோசித்தான். தேடினேன், அதிர்ஷ்டவசமாக ஒன்று கிடைத்தது என்று சொல்லலாம். டாக்டருக்கு உதவியும் ஆகும், தானும் ஒரே ஒரு வருஷத்து முட்டாள்தனத்தோடு தப்பிக்கலாம். அந்த ஒன்றை அச்செடுத்துக் கவரில் போட்டான். மற்றதையும் அச்செடுத்தான், ஏனென்று அவனுக்கே தெரியவில்லை. அவற்றைப் பையின் அடியில் வைத்தான்.

டெஸ்ட் முடிவு வந்த அன்று டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அக்காவும் அவனும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கன்னத்தில் சின்னப் பிளாஸ்திரி. அவள் அவன் பக்கம் சாய்ந்து, "பயமா இருக்குடா" என்றாள்.

"ஒண்ணும் இருக்காதுக்கா."

"என் தப்புதான். மூஞ்சி என்னுது, நான்தானே பாத்திருக்கணும். இவ்வளவு நாளா ஏன் வரலைன்னு டாக்டர் திட்டுனா நான் வாங்கிக்கிறேன். நீ குறுக்க பேசாத. உன்மேல கோவிச்சுக்கப் போறாங்க."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பையைத் திறந்து அடியில் இருந்ததையெல்லாம் அவள் மடியில் வைத்தான். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதலில் தன் முகம் என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

"அழிச்சிட்டேன்னியே."

"பொய் சொன்னேன்க்கா."

"இதெல்லாம் நீ பாத்தியா?"

"பாத்தேன். ஒவ்வொரு வருஷமும் பாத்தேன். பிரஷ்ஷைப் பெருசாக்கணும்னா ஒரு பட்டனைத் தட்டணும். முதல்ல ஒண்ணும் தட்டல. அப்புறம் ரெண்டு. அப்புறம் நாலு. வருஷா வருஷம் கூடுதலாத் தட்டினேன்க்கா. தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அக்கா திட்டியிருக்கலாம். திட்டுகிற வாய்தான் அது. ரோட்டில் போகிற லாரிக்காரனுக்குக் கிடைப்பதில் பாதி கிடைத்திருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். அவள் படங்களைத் தட்டிச் சீராக்கி அடுக்கினாள். "எங்க இருக்கு காட்டுன்னு கேட்டியேடா" என்றாள். அவ்வளவுதான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா முடிவை மறைக்காமல் சொன்னார். கெட்ட வகைதான், உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டும். பிறகு படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பிக் குனிந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"யார் எடுத்தது இதெல்லாம்? ஓரம் எங்க தூக்கியிருக்கு, எங்க நிறம் மாறுதுன்னு அப்படியே தெரியுதே. ரெண்டு பக்கமும் விளக்கு வெச்சு எடுத்தீங்களா? எங்க கேமராவுலகூட இவ்வளவு தெளிவா வராது."

அவனை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். ஒரு புகழ்ச்சிக்கு இப்படிக் கூனிக் குறுகி அவன் உட்கார்ந்ததில்லை.

"என் தம்பிதான் டாக்டர்" என்றாள் அக்கா. எல்லாரிடமும் வழக்கமாகச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். "இந்த ஊர்ல இவனை மாதிரி எடுக்க ஆளே இல்ல." அவன் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

வெட்டி எடுத்தார்கள். கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும் இழுத்துத் தைத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை, அந்த மட்டுக்கும் பிழைத்தாள். ஆனால் அந்தப் பக்கத்து நரம்பு போய்விட்டது. சிரித்தால் வாயின் பாதிதான் மேலே போகும், மீதி அப்படியே நிற்கும். முதலிலேயே வந்திருந்தால் ஒரு தையலோடு போயிருக்கும் என்று டாக்டரம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். பளிங்குக்கு அது தினமும் ஒரு தடவை கேட்டது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரிய படத்தை அவன் கழற்றிவிட்டான். அந்த இடம் வெறுமனே கிடந்தது. வருகிற முகங்களில் பருவைக்கூட எடுக்க மறுத்தான். "ஐயாவுக்கு என்ன ஆச்சு, கண்ணாடியில தெரியுற மூஞ்சியையே காசு குடுத்து வாங்கிட்டுப் போறதா?" என்று ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டுப் போனாள். மனைவி கவுண்டரில் உட்கார்ந்து எல்லாருக்கும் சமாதானம் சொன்னாள்.

மறுபடியும் வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். துண்டை வாய் வரைக்கும் சுற்றிக் கட்டியிருந்தாள். வெறும் கண்ணாடியைப் பார்த்தாள், உள்ளே வந்தாள்.

"எங்கடா என் படம்?"

"கழட்டிட்டேன்க்கா."

"ஏன்? மூஞ்சி வெட்டுப்பட்டவளாச்சேன்னு வெக்கமா?"

"உன்னை நெனச்சு இல்லக்கா. என்னை நெனச்சுத்தான்."

"உன் வெக்கத்தை வீட்டுல வெச்சுக்கோ. இது கடை. விளக்கைப் போடு."

போட்டான். ஒரு விளக்கின் காலை இரண்டு முறை தட்டிவிட்டான். அவள் துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். எண்ணெய்த் தெளிப்பை அவன் எடுக்கவில்லை, பொரிக்கப் போறியா என்று அவளும் கேட்கவில்லை. எடுத்து முடித்ததும் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு பக்கத்து வெளிச்சமும் அந்தத் தழும்பை மேடும் பள்ளமுமாக அப்படியே காட்டியது.

"இதை எடுத்துடு" என்றாள்.

"வேண்டாம்க்கா. இருக்கட்டும். நான் இனிமே யாரு மூஞ்சியிலயும்..."

"ஓ, ஐயா திருந்திட்டீங்களோ!" பாதி வாய் கோணியது. சிரிப்பா கோபமா என்று இப்போதெல்லாம் அவளைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. "நான் கேக்காதப்போ அழிச்ச. இப்போ நானே வந்து கேக்குறேன், நீ சத்தியவான் ஆயிட்ட. தினம் காலையில கண்ணாடியில இந்த மூஞ்சியைத்தான்டா பாக்குறேன். வேன்ல ஏறுற சின்னது ரெண்டு இன்னும் என்னைப் பாத்தா பின்னாடி போய் உக்காருதுங்க. எங்கயாவது ஒரு இடத்துல என் பழைய மூஞ்சி இருந்துட்டுப் போகட்டுமே. உன் சட்டம் என்ன? நிக்கிறதைக் கேட்டு எடு. நான் கேட்டாச்சு."

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் படத்தைத் திறந்து, எடுத்தது எடுத்தபடி அடியில் வைத்துவிட்டு, மேலே ஓர் அடுக்கை விரித்தான். பிரஷ்ஷை எடுத்துக் கண்ணுக்குக் கீழே கொண்டுபோனான். வட்டம் தழும்பின் அகலத்துக்குப் போதவில்லை. இடது கை விரல் அந்தப் பட்டனின் மேல் போய் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. அவனுடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு" என்றாள்.

தட்டினான்.

"இன்னும்."

தட்டினான். கண்ணீரில் அவனுக்கு வட்டம் எவ்வளவு பெரிதாயிற்று என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும்டா" என்றாள்.